உமிச்சாம்பல் வார்ப்பு

திண்டிவனம்
3.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் ஆனந்தராஜ் எழுதுவது. இங்கே நான் கல்லு மாதிரி இருக்கிறேன். உன் அண்ணி காந்திமதி என்னைவிடத் திடம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அவள்தான் முதலில் கேட்கச் சொன்னாள்.

"போன்ல சொன்னா எந்தக் கம்பி எந்த நாள் உலைன்னு எனக்குக் குழம்புது, பைக்குள்ளயே எழுதிப் போடு" என்று நீ திட்டியதால் இந்தக் காகிதம். நம் செல்வகுமார் தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்கு பஸ் ஏறுகிறானே, அவன் கையில் பையைக் கொடுத்துவிட்டேன். உள்ளே முதல் உலையின் சோதனைக் கம்பிகள் இருக்கின்றன. உன் காலேஜ் லேபில் இழுத்துப் பார், உடைத்துப் பார், என்ன வேண்டுமானாலும் செய்.

நீ சொல்லிக் கொடுத்தபடியேதான் எல்லாம். ரைஸ் மில் கொதிகலனில் மிஞ்சும் உமிச்சாம்பலைத் திரும்பச் சுட்டு வெளுக்க வைத்தோம். அலுமினியம் உருகியதும் சுடச்சுடத் தூவினோம். கிளறும் தண்டை உருக்கும் மூசைக்குள் இறக்கி, கை வலிக்கக் கிளறினோம். மில்காரருக்கு ஒரே சந்தோஷம். ஏரிக்கரையில் கொட்டி ஊர்க்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த சாம்பலை ஒருத்தன் கேட்டு வாங்கிப் போகிறானே என்று.

ஸ்கூட்டர் கம்பெனிக்காரர் சொன்னது உனக்குத் தெரியும். பிரேக் கைப்பிடியைத் தாங்கும் பிராக்கெட்டை நாம் வார்த்துக் கொடுத்து, இருபது மின்சார வண்டியில் மாட்டி, நம் பக்கத்து ஆட்களிடமே வெள்ளோட்டத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளோட்டமும் உன் ரிப்போர்ட்டும் நன்றாக இருந்தால் நிரந்தர ஆர்டர். இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். அந்த இருபதில் ஒன்று உன் அண்ணிக்கு. கிளியனூர் அங்கன்வாடிக்கு அதில்தான் போகிறாள். ஹாரன் அடித்து அடித்து ஊரையே பேஜார் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
அண்ணன்


விழுப்புரம்
12.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெண்ணிலா எழுதுவது. அம்மாவுக்கு வீக்கம் குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. அண்ணிக்கு என் அன்பைச் சொல். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகச் சொல்.

கம்பிகளைச் சோதித்தேன். வெறும் அலுமினியத்தைவிட எவ்வளவோ மேல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சாம்பல் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கிறது. என் கைடு பார்த்துவிட்டு, "திண்டிவனத்துல ஒரு சின்னப் பட்டறையில இப்படி வருதா?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணா. என் ஆராய்ச்சி முடிவதும் இந்தக் கம்பிகளை நம்பித்தான் இருக்கிறது.

அடுத்தடுத்த உலைகளின் கம்பிகளை அனுப்பு. ஆறு உலையும் பார்த்த பிறகே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன்.

அன்புடன்,
வெண்ணிலா


திண்டிவனம்
21.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். உனக்கும் அம்மாவுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

இதோ அடுத்த மூன்று உலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி, மேலே தேதி எழுதியிருக்கிறேன். உன் கைடு கேட்ட கேள்விக்கு, "எங்க அண்ணன் பட்டறை சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல். உலையில் நிற்கும் குமரேசன் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாளாகக் காலர் வைத்த சட்டையில் வேலைக்கு வருகிறான்.

அண்ணி வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் நீ சிரித்தே செத்துவிடுவாய். ஹெல்மெட்டுக்கு மேல் பூ வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்கிறாள்.

அண்ணன்


விழுப்புரம்
6.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அம்மா கேட்கச் சொன்னார்கள். நாங்கள் இருக்கிறோம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நான்கு உலையின் கம்பிகளும் ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கின்றன. ஒரே பலம், ஒரே கடினம். உலை என்றால் ஒரு நாள் நன்றாக வரும், ஒரு நாள் காலை வாரும். சாம்பல் ஈரமாக இருந்தால் ஒரு மாதிரி, சூடு ஏறிவிட்டால் ஒரு மாதிரி. எங்கள் லேபில், ஏசி அறையில், அளந்து அளந்து செய்தாலே இவ்வளவு சீராக எனக்கு வருவதில்லை. உன் பட்டறையில் மட்டும் எப்படி?

பையைக் கொண்டுவந்த செல்வகுமாரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "அண்ணன் ஒங்களுக்குன்னு தனியாத்தான் ஊத்துவாரு மேடம். குழந்தையைத் தூக்கிக்கினு வர்ற மாதிரி எடுத்துக்கினு வந்து குடுப்பாரு" என்றான். தனியாக ஊற்றுவது என்றால் என்ன அண்ணா?

எனக்குக் கம்பி வேண்டாம். வண்டிக்குப் போகிற பிராக்கெட்டிலேயே ஒன்றை அறுத்து அனுப்பு. எந்த உலையாக இருந்தாலும் சரி. சீக்கிரம் அனுப்பு.

வெண்ணிலா


திண்டிவனம்
27.3.2025

பாப்பாவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதம் கிடைத்து நாளாகிறது. வேலை நெருக்கடி, எழுதவில்லை.

பிராக்கெட் கையிருப்பு இல்லை. வார்த்ததெல்லாம் கம்பெனிக்குப் போய்விட்டது. கேட்டதற்கு இன்னும் இரண்டு உலைக் கம்பிகள் அனுப்பியிருக்கிறேன்.

நானும் ஒன்று கேட்கிறேன், நீயும் கோபப்படாதே. உங்கள் லேபில் இழுத்துப் பார்க்கும் மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? கம்பியை நீயே உடைக்கிறாயா, இல்லை பிள்ளைகள் உடைத்து நம்பர் எழுதிக் கொடுக்கிறார்களா? எழுதிய நம்பரை அப்புறம் யாராவது பார்த்துத் திருத்துவது உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் வைவா தேதி வைத்தாகிவிட்டதா?

அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஆனந்தராஜ்


விழுப்புரம்
2.4.2025

அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். முன்பெல்லாம் "அன்புள்ள" என்று ஆரம்பிப்பாய், இப்போது அது இல்லை. "அண்ணன்" என்று முடிப்பாய், அதுவும் இல்லை. எல்லாவற்றையும்விட, அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹெல்மெட்டில் பூ வைப்பதுவரை எழுதுகிற ஆள், திடீரென்று மனைவி பேரையே எழுதவில்லை என்றால் நான் என்ன நினைப்பது? அம்மா போன் போட்டால் அண்ணி எடுக்கிறார்கள், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி உடனே வைத்துவிடுகிறார்கள். "அண்ணி வானூர்ல அவங்க அம்மா ஊட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சே" என்கிறான் செல்வகுமார். எதற்குப் போனார்கள்? நீ பட்டறையில் செய்கிற எதையாவது பார்த்து, பிடிக்காமல் போய்விட்டார்களா?

நீ அனுப்பிய இரண்டு உலைக் கம்பியும் பழையபடியே. அச்சு அசலாக அதே நம்பர். மறைக்காமல் சொல்கிறேன். எனக்கென்று சுத்தமான சரக்கைத் தனியே உருக்கிக் கம்பி ஊற்றிவிட்டு, வண்டிக்கு ஏதோ மலிவானதை ஊற்றி அனுப்புகிறாயோ என்று தோன்றுகிறது. கூடப் பிறந்தவனைப் போய் இப்படி நினைக்கிறேனே என்று அடித்துக்கொள்கிறேன், ஆனாலும் நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

ஒரு பிராக்கெட் அனுப்பு. அது வரும்வரை கையெழுத்து இல்லை.

வெண்ணிலா


திண்டிவனம்
12.4.2025

வெண்ணிலாவுக்கு,

அம்மா சுகமாக இருக்கட்டும்.

என்னைத் திருடன் என்று எழுதிவிட்டாய். சரி. உலை முன்னால் நின்று தோல் கருகிப் போன எனக்கு ஏமாற்றத் தெரியாது, ஆனால் ஏமாற்றியவன் ஆகிவிட்டேன். நீ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதும் நம்பர் மட்டும் வேதவாக்கு!

அந்த நம்பர் எப்படி வருகிறது என்று நான் கேட்டேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை. வைவா எப்போது என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. என் கேள்வியைத் தாண்டிக் குதித்துப் போய் அண்ணி எங்கே என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாய். அவள் தாய்வீட்டில் இருக்கிறாள், அவ்வளவுதான். அதைத் தோண்டாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

பிராக்கெட் இல்லை. கம்பியும் இனி இல்லை.

ஆனந்தராஜ்


விழுப்புரம்
27.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உண்மையாகவே கேட்கிறேன்.

நேற்று உன்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் பட்டறைக்கு வந்தேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? நீ இல்லை. "அண்ணன் வானூருக்குப் போயிகிறாரு" என்று குமரேசன் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளறிக்கொண்டே இருந்தான். நான் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அலுமினியமும் சரி, சாம்பலும் சரி, நான் சொன்ன சரக்குதான். மூசையும் ஒன்றுதான். எனக்கென்று வேறு உலை எதுவும் இல்லை.

கிளறி முடித்து, தண்டை வெளியே எடுத்தான். முதல் கரண்டியை மொண்டு, நேராக என் சோதனைக் கம்பி அச்சில் ஊற்றினான். அதற்கு அப்புறம்தான் பிராக்கெட் அச்சுகளுக்குப் போனான். கம்பி இனி இல்லை என்று நீ எழுதினாயே, பிறகு எதற்கு இது என்று கேட்டேன். "அனுப்புறாரோ இல்லியோ, மொத கரண்டி எப்பவும் பாப்பாவுக்குத்தான். அண்ணன் அப்படித்தான் சொல்லிக்கிறாரு. மாத்தி வேற அச்சுல ஊத்தினா என் தோலை உரிச்சிடுவாரு" என்றான்.

நான் அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அண்ணா, சாம்பல் அலுமினியத்தைவிட லேசு. தண்டை வெளியே எடுத்த உடனே அது மேலே கிளம்ப ஆரம்பித்துவிடும். முதல் கரண்டியில் எல்லாம் நன்றாகக் கலந்திருக்கும். குமரேசன் ஒவ்வொரு அச்சாக ஊற்றிக்கொண்டு போவதற்குள் சாம்பல் மேலே சேர்ந்து கட்டி தட்டிவிடுகிறது. கடைசிக் கரண்டிகளில் அந்தக் கட்டி அப்படியே விழுகிறது. கடைசியாக ஊற்றிய பிராக்கெட்டை எடுத்துவந்து இன்று மெஷினில் வைத்தேன். பொறை ரொட்டி மாதிரி உடைந்தது. உள்ளே சாம்பலும் ஓட்டையும்தான்.

நீ ஏமாற்றவில்லை. எந்தக் கரண்டியில் மாதிரி எடுக்க வேண்டும் என்று நானும் உனக்குச் சொல்லித் தரவில்லை. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, என்னை மன்னித்துவிடு. ஆனால் முதல் கரண்டியை எனக்கு என்று ஏன் வைத்தாய்?

போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. பட்டறையைக் காப்பாற்ற ஏதாவது வழி இருக்கும். ஊற்றும்போதும் கிளறிக்கொண்டே இருக்க ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். அதுவரை ரிப்போர்ட்டை யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறேன். நீ பதில் எழுது, அப்புறம் சேர்ந்து முடிவு செய்வோம்.

உன்
வெண்ணிலா


திண்டிவனம்
2.5.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையில் ஒரு மூலையில் போய் அழுதேன். ஏன் முதல் கரண்டி என்று கேட்கிறாய். அப்பா மல்லாட்டை போட்டிருந்த காலத்தில், செடியைப் பிடுங்கிக் கடலையை ஆய்ந்ததும் முதல் படியை யாருக்கு எடுத்து வைப்பார்? நீ ஹாஸ்டலில் இருந்தபோதுகூட உனக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் வியாபாரிக்கு அளப்பார். வீட்டுப் பெண்ணுக்கு அடியில் கிடக்கிற மிச்சத்தை அனுப்பக்கூடாது என்று எனக்கு ரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கிறது. கடைசிக் கரண்டியைச் சுரண்டி உனக்கு அனுப்ப எனக்குக் கை வருமா? இதில் இவ்வளவு வினை இருக்கும் என்று கண்டேனா!

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பிப்ரவரி கடைசியில் அண்ணி கிளியனூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். குறுக்கே ஆடு வந்தது. பிரேக்கைப் பிடித்தாள். பிராக்கெட் முறிந்து, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வண்டி புளிய மரத்தில் மோதி, வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இங்கே நம் வீட்டில் மாடிப்படி ஏற முடியாது என்று வானூரில் விட்டிருக்கிறேன்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை தெரியுமா? உன் சோதனை நன்றாக இருக்கிறது என்கிறது, பொருள் உடைகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? படிப்பு முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் பாப்பா நம்பரைத் திருத்துகிறாள் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததும் பயம் வந்துவிட்டது. வெளியே தெரிந்தால் உன் பட்டம் போகும், வேலை போகும், பேர் போகும். அதனால் மணலில் சறுக்கி விழுந்தாள் என்று கம்பெனியிடம் சொல்லி, முறிந்த துண்டை எடுத்து ஒளித்துவிட்டேன். நீ பிராக்கெட் கேட்கக் கேட்க, இவள் தடயத்தை அழிக்கத்தான் கேட்கிறாளோ என்று இன்னும் சந்தேகம் முற்றியது. என்ன அண்ணன் நான்!

இப்போது ஒன்றும் அவசரப்பட வேண்டாம். நீ முதலில் வைவாவை முடி. கம்பெனி மேனேஜரிடம் நான் நேரம் பார்த்துப் பக்குவமாகப் பேசுகிறேன். ஆர்டரும் போகாமல், உன் பேரும் கெடாமல் இதை முடித்துவிடலாம்.

அண்ணன்


வானூர்
4.5.2025

வெண்ணிலாவுக்கு,

காந்திமதி எழுதுவது. நான் சௌக்கியமாக இல்லை. காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தபடி எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் உன் அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உன் கடிதங்களை எல்லாம் என் மடியில் போட்டார். நீ திருப்பி எழுதியதற்கு அவர் எழுதின பதிலையும் வாயாலேயே சொன்னார். "பாப்பாவைத் தப்பா நெனச்சிட்டேன் காந்தி" என்று ஒரே அழுகை. எல்லாவற்றையும் படித்தேன். தங்கை அண்ணன் பட்டறையைக் காப்பாற்றப் பார்க்கிறாள், அண்ணன் தங்கை பட்டத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். இருந்தால் இப்படி அண்ணன் தங்கை இருக்க வேண்டும்! ஆனால் ஒன்று கேட்கிறேன். மீதி வண்டியெல்லாம் எங்கே, அதை யார் ஓட்டுகிறார்கள் என்று உங்களில் ஒருவராவது ஒரு வரி எழுதினீர்களா?

"ஒன்னோடது ஒண்ணுதான் கெட்டுப்போன துண்டு. மத்த வண்டியிலயெல்லாம் மாத்தியாச்சு" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சத்தியம் செய்தார் உன் அண்ணன். அதை நம்பித்தான் நானும் மணலில் சறுக்கினேன் என்று சொன்னேன், அத்தையிடம் போனில் நன்றாக இருக்கிறேன் என்று நடித்தேன். நேற்றுக் கேட்டால் அது பொய் என்கிறார். ஒரு வண்டியிலும் மாற்றவில்லை. இரண்டு மாதமாக அத்தனை பேரும் அதே பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பொம்மையார்பாளையத்து அமலாவை உனக்குத் தெரியாது. வெள்ளோட்ட வண்டி வாங்கிய அன்று என் பக்கத்தில் நின்றவள். பின்னால் மீன் கூடை, முன்னால் பால்வாடிக்குப் போகிற மகள் என்று போவாள். உன் அண்ணன் வெளியே போனதும் முதலில் அவளுக்குத்தான் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். அப்போது என் உடம்பில் உயிர் இல்லை வெண்ணிலா. என் கால் உடைந்தபோதுகூட நான் அப்படிக் கதறவில்லை, எங்கம்மா ஓடிவந்துவிட்டார். கடைசியில் எடுத்து, "மீனு கழுவிக்கினு இருந்தேன்க்கா, இன்னா விசயம்?" என்றாள். வண்டியைத் தொடாதே, சாவியைக் கிணற்றில் போடு என்று கத்தினேன்.

அப்புறம் கம்பெனிக்குப் போன் போட்டேன். என் கால் எப்படி உடைந்தது என்று சொன்னேன். முன்பு சொன்னது பொய் என்றும் சொன்னேன். கடைசிக் கரண்டி பிராக்கெட் உன் மெஷினில் உடைந்ததையும் சொன்னேன். இன்று காலையிலிருந்து ஆள் அனுப்பி எல்லா வண்டியையும் ஓரங்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டர் இனி கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். உன் காலேஜுக்கும் எழுதுவார்களாம்.

உன் அண்ணனுக்கு இது இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவர் கையிலேயே கொடுத்து, நேராக உன்னிடம் கொடுக்கச் சொல்கிறேன். பஸ்ஸில் வரும்போது படித்துக்கொள்ளட்டும். படித்துவிட்டு உன் வாசலில் வந்து நிற்கும்போது அவருக்குச் சோறு போடு, பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிட்டதும் இரண்டு பேரும் அத்தை முன்னால் உட்கார்ந்து எனக்கு நடந்ததைச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறேன் என்று இனிமேல் நான் யாருக்காகவும் சொல்ல மாட்டேன்.

காந்திமதி